குதிரையோடு கால் ஒத்து ஓடியவர்

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு போர்வையைப் பிழிந்தார்கள். அம்மா ரத்தினம்மா காத்தோங்கில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தோ பாயோவில் புது வீடு, ஒன்பதாவது மாடி. போர்வையைச் சொட்டச் சொட்ட மூங்கில் கழியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள். அதனால் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் எதிரெதிரே நின்றார்கள்.

"நீ எந்தப் பக்கம் திருகுற?" என்று கேட்டார் மருதப்பன்.

"வலப்பக்கம்."

"நானும் வலப்பக்கந்தான். ரெண்டு பேரும் ஒரே பக்கம் திருகினா எப்படிப் பிழியும்?"

"பிழியுதே. தண்ணி கொட்டுது பாருங்க."

"கொட்டுது. அதான் எப்படின்னு கேக்குறேன்."

எதிரே நிற்பவருக்கு வலம் என்பது தனக்கு இடம் என்று சந்திரமதி விளக்கினாள். அவர் நம்பவில்லை. போர்வையைக் கீழே போட்டுவிட்டு மகளின் பக்கம் வந்து நின்று, காற்றில் திருகிப் பார்த்தார். மறுபடி தன் இடத்துக்குப் போய்த் திருகிப் பார்த்தார். "ஆமாலா," என்றார். தரையெல்லாம் தண்ணீர். அவருக்கு அது பொருட்டில்லை. ஒரு விஷயம் விளங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை, கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். சந்திரமதி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பவள். மாரடைப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மருதப்பன் என்ன வேலை பார்த்தார் என்று துக்கம் கேட்க வந்த புது அண்டைவீட்டார் விசாரித்தார்கள். குதிரைக்காரர் என்று சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இதே கேள்விக்கு "அப்பா குதிரைகூட ஓடுவாங்க" என்று சொல்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். குதிரை மேலேயா? இல்லை, கூட. ஆனால் அதுதான் சரியான பதில்.

அவர் கெர்பாவ் ரோட்டில் பிறந்தவர். அந்நாளில் ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பையனாக இருக்கும்போதே புல் சுமந்தார், பிறகு குதிரை குளிப்பாட்டினார், பிறகு கயிற்றைப் பிடித்தார். பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியபோது அவரும் பின்னாலேயே போனார். உலகச் சண்டைக்குப் பிறகு, ஐம்பதுகளில், அவர் ஓட்டத்துக்காகவே ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.

குதிரையின் கால் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. கெட்டியான சமதரையில் யாராவது கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைப் பெருநடையில் ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். மிருக வைத்தியர் நின்று தலையைப் பார்ப்பார். முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் குதிரை தலையை மேலே தூக்கும். வலி உள்ள காலில் பாரம் போடாமல் தப்பிக்கப் பார்க்கும். நல்ல குதிரை என்றால் தலை ஆடாது.

கயிறு பிடிக்கிறவன் இதில் குறுக்கே வரக்கூடாது. மருதப்பன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். குதிரையின் இடப்பக்கம் ஓடுவார். அதன் முகத்தைப் பார்க்கமாட்டார். நாலு எட்டுக்குள் தன் காலைக் குதிரையின் முன்னங்காலோடு சேர்த்துவிடுவார். அதன் இடது விழும்போது இவருடைய இடது, அதன் வலது விழும்போது இவருடைய வலது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குதிரை மட்டும் ஓடுவதுபோல இருக்கும். ஆள் இருப்பதே தெரியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ரத்தினம்மாவுக்கு இல்லை. "குதிரைகூட ஒட்டிக்கிட்டு ஓடி ஓடி, குளிச்சாலும் லாய வாசனைதான் வருது," என்பாள்.

அறுபத்தேழில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது. புக்கித் தீமா காட்டோரத்தில் ஒரு சின்ன லாயத்தில் வேலை. பட்டாளத்து ஆட்கள், தோட்டத் துரைகள் என்று சிலர் அங்கே குதிரை வைத்திருந்தார்கள். பஃபலோ ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் கஃபாரும் ஒரு குதிரை வைத்திருந்தார். பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த வெள்ளைப் பெண்குதிரை. கஃபார் அதற்கு மூன்லைட் என்று பெயர் வைத்தார். மருதப்பன் வெள்ளச்சி என்று கூப்பிட்டார். குதிரை மருதப்பன் கூப்பிட்டால்தான் திரும்பும்.

"என் காசுல தின்னுட்டு உங்க பேருக்குத் திரும்புதே, அண்ணே," என்பார் கஃபார்.

"உங்க பேரு அவ வாயில நுழையல, பாய்."

ஆஸ்திரேலியாவில் இப்படி நடத்துகிறார்களாம் என்று கேள்விப்பட்டு, லாயத்தார் அந்த வருஷம் நெடுந்தூரச் சவாரி ஒன்று ஏற்பாடு செய்தார்கள். புக்கித் தீமாவிலிருந்து காட்டுப்பாதையில் கிராஞ்சி வரை, அங்கிருந்து திரும்பி. முதலில் வருவது பெரிதல்ல. குதிரை நல்லபடியாக வந்து சேர வேண்டும். அதனால் கிராஞ்சியில் எல்லோரையும் நிறுத்தி மிருக வைத்தியர் சோதிப்பார். நாடி பார்ப்பார். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார், அது எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்று பார்ப்பார். ஈறை அமுக்கிப் பார்ப்பார். கடைசியில் கயிற்று ஓட்டம். தலை ஆடினால் சவாரி அத்தோடு முடிந்தது. எவ்வளவு பெரிய துரையானாலும் லாரியில்தான் திரும்ப வேண்டும்.

வைத்தியர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். குதிரைகளை ஓட்டிக் காட்டும் பொறுப்பு மருதப்பனுக்கு. அந்த முதல் சவாரியில் வெள்ளச்சியின் நாடி பிரமாதம், தோல் பிரமாதம். ஓட்டிக் காட்டினார். தலை ஆடியது. இடது முன்னங்கால்.

கஃபார் லாரியில் திரும்பினார். மூன்று வாரம் வெள்ளச்சிக்கு ஓய்வு கொடுத்தார்கள். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடி ஆடியது.

"கடையில மொளகா மூட்டையத் தூக்கச் சொன்னா நானும் இப்படித்தான் நொண்டுவேன். நடிக்கிறாளோ?" என்றார் கஃபார்.

அருளம்பலம் சிரிக்கவில்லை. குளம்புக்குள் ஒரு சின்ன எலும்பு உண்டு. அது அரித்துப்போனால் இப்படித்தான் வரும் என்றார். படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய சிறிய எக்ஸ்ரே மெஷின் ஒன்றை எங்கேயோ இரவல் வாங்கிவிட்டார். அதை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மருதப்பன் மகளைக் கூட்டி வந்தார்.

சந்திரமதி அதுவரை குதிரையைப் படம் எடுத்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது. அப்பா குதிரையின் காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அது மனிதர்களைவிட நன்றாக அசையாமல் நின்றது. படம் தெளிவாக வந்தது. எலும்பில் ஒன்றுமில்லை.

"படம் துப்புரவாக் கிடக்கு, பிள்ளை," என்றார் அருளம்பலம். "எண்டாலும் இந்த வருத்தம் தொடக்கத்தில படத்தில தெரியாது. வாற ஞாயிறு ஒருக்கா ஓட்டிப் பாப்பம். அப்பவும் தலை ஆடினா, காலுக்குப் போற நரம்பை வெட்டவேணும். வலி தெரியாது. நடக்கும்."

கஃபார் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மருதப்பன் சொன்னார்:

"நரம்பை வெட்டிட்டா கல்லு குத்தினாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. கால் இருக்கும். அவளுக்கு இருக்காது. வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியுமா?"

"முடியாதுப்பா."

அந்த வாரம் முழுக்கச் சந்திரமதியின் தலையில் அந்தக் குதிரைதான். எலும்பு நன்றாக இருக்கிறது. குளம்பில் சூடு இல்லை, வீக்கம் இல்லை. லாயத்தில் தானாக நடக்கும்போது ஆடவில்லை என்று அப்பாவே சொல்கிறார். பிறகு தலை ஏன் ஆடுகிறது?

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தொந்தரவு. நெஞ்சுப் படங்களில் இடப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. முதல் நோயாளிக்கு வந்தபோது டாக்டர்கள் யோசித்தார்கள். அடுத்தவருக்கும் அதே இடத்தில் வந்தது. அதற்கடுத்தவருக்கும். சந்திரமதிக்கு உடனே புரிந்தது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் புள்ளி என்றால் அது நோயாளியிடம் இல்லை. ஃபிலிமை வைக்கும் தட்டைப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு துரும்பு. துடைத்தாள். புள்ளி போய்விட்டது.

துணியை மடித்து வைக்கும்போது கை நின்றது.

அன்று வீட்டில் கேட்டாள். "இந்த வருஷம் வேற எந்தக் குதிரையாவது தலை ஆட்டிச்சாப்பா?"

"ஆட்டிச்சே. ஒரு கேப்டனோட மட்டக்குதிரை. அப்பறம் அந்தச் செவலை. அதுக்குக் கால் போச்சுன்னு சொல்லி கிராஞ்சியில மாடு வச்சிருக்கானே வேலாயுதம், அவன்கிட்டக் குடுத்துட்டாங்க. சும்மா கட்டிப் போட்டிருக்கான்."

"எந்தக் கால்?"

"எல்லாம் எடது முன்னங்கால்தான். இது எடது கால் வருஷம்லா," என்று சொல்லிவிட்டு எழுந்தார். எழும்போது சுவரில் கையை ஊன்றினார். இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். எத்தனை மாதமாக இப்படி எழுகிறார் என்று அவளுக்கு நினைவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குவீன் ஸ்திரீட்டில் பச்சை பஸ் ஏறினார்கள். எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் அப்பாவின் ஓட்டம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் குதிரையின் நரம்பு போய்விடும். கடைசியில் புள்ளியைப் பற்றிச் சொன்னாள். ஒரு நோயாளி, இன்னொரு நோயாளி, ஒரே இடம், பெட்டிக்குள் துரும்பு. வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் மூன்று இடத்தில் நின்று புறப்பட்டது.

"எல்லாருக்கும் ஒரே எடத்துல," என்றார்.

"ஆமாப்பா."

"பெட்டிய மாத்தினதும் போயிருச்சு."

"ஆமா."

இன்னும் கொஞ்சதூரம் போனது. "அப்ப பெட்டி நான்தான்," என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "டாக்டர்கிட்ட நீ சொல்லாத. கயித்தை நானே குடுக்கிறேன்."

லாயத்தில் அருளம்பலம் தயாராக நின்றார். மருதப்பன் கயிற்றோடு வந்து கஃபாரின் முன் நின்றார்.

"பாய், நீங்க ஓட்டுங்க."

"நானா? அண்ணே, இந்த வயித்தப் பாருங்க. குதிரைதான் என்னை இழுத்துட்டு ஓடணும்."

"ஓடுங்க பாய். உங்க குதிரைதானே?"

"என்ன மருதப்பர் இது புதுசா?" என்று கேட்டார் அருளம்பலம்.

"முதல்ல பாருங்க டாக்டர். அப்பறம் சொல்றேன்."

கஃபார் செருப்பைக் கழற்றி எறிந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், பிஸ்மில்லா சொன்னார். கைகால் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் என்று ஓடினார். குதிரையின் காலுக்கும் அவர் காலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கயிறு துவண்டு தொங்கியது. வெள்ளச்சியின் தலை தண்ணீர்க்குடம் சுமக்கிறவள் தலைபோல அசையாமல் போயிற்று, அசையாமல் வந்தது.

"ஒருக்கா திருப்பி ஓடுங்கோ," என்றார் அருளம்பலம்.

"இன்னொரு தடவையா? யா அல்லா, கடையை யாரு பாத்துக்கிறது?"

ஓடினார். தலை ஆடவில்லை.

"இப்ப நான்," என்றார் மருதப்பன்.

அவர் ஓடினார். நாலு எட்டில் கால் சேர்ந்தது. சந்திரமதி முதல் தடவையாகக் குதிரையை விட்டு அப்பாவைப் பார்த்தாள். இடது கால் தரையில் படும்போது அதை முழுதாக ஊன்றாமல் உடம்பை மேலே எக்கினார். கூடவே கயிறு பிடித்த கையும் எக்கியது. அதே நேரத்தில் விழுந்த குதிரையின் இடது காலுக்கு மேல், தலையும் எக்கியது. அப்பாவின் வலி கயிற்று வழியே ஏறிக் குதிரையின் தலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கால் ஒத்து ஓடியதால்தான் அது அத்தனை சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. ஏனோதானோ என்று ஓடுகிறவனிடமிருந்து போயிருக்காது. கயிற்றுக்கு இணங்கிப் போகும் சாதுக் குதிரைகள்தான் அதற்கு ஆடின, முரட்டுக் குதிரைகள் கயிற்றைச் சட்டை செய்யவில்லை.

அருளம்பலம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நான் குதிரையை மட்டும்தான் பாத்தனான். உங்களை ஒருக்காலும் பாக்கேல்லை, மருதப்பர்."

"பாக்கக் கூடாதுன்னுதானே டாக்டர் அப்படி ஓடுறது?"

பிறகு மருதப்பன் ஒரு காரியம் செய்தார். குதிரையோடு சேராமல் ஓடிப் பார்க்கிறேன் என்றார். ஓடினார். கால் தானாகச் சேர்ந்துகொண்டது. நின்று, தப்பான காலில் தொடங்கினார். சேர்ந்துகொண்டது. மூன்றாம் தடவை வேண்டுமென்றே எட்டை மாற்றப்போய்த் தன் காலே தன்னைத் தடுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளச்சி நின்று, குனிந்து அவர் தலையை முகர்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்.

"முடியலலா," என்றார். "நான் சொன்னா என் கால் கேக்க மாட்டேங்குது. அவ கால் சொன்னாத்தான் கேக்குது."

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து கயிற்றைக் கஃபாரிடம் கொடுத்தார். அதன் பிறகு அவர் யாருக்கும் ஓட்டிக் காட்டவில்லை.

நரம்பு வெட்டப்படவில்லை. அடுத்த வாரமே சந்திரமதி அப்பாவைப் படம் எடுத்தாள். கோளாறு முழங்காலில் இல்லை, இடுப்பு மூட்டில். இடுப்பு தேய்ந்தால் வலி முழங்காலில் தெரிவது உண்டு. அவர் இத்தனை நாளும் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டாக்டரும் தப்பான எடத்தைப் பாத்தாரு, நானும் தப்பான எடத்தைத் தேச்சேன்," என்றார். அன்று முழுக்க, வலி ஏன் இடம் மாறித் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்குத் தெரிந்தவரை சொன்னாள்.

அடுத்த சவாரியில் அவர் கிராஞ்சியில் அருளம்பலத்தின் பக்கத்தில் நின்றார். கயிறு இப்போது இப்ராஹீம் கையில், லாயத்தில் வேலை செய்த நடுவயதுக்காரர். மருதப்பன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார்.

"ரெண்டு பேர் ஓடுற சத்தம் கேக்குது, டாக்டர்."

"அதுதான் நல்லம்," என்றார் அருளம்பலம்.

வெள்ளச்சி சோதனையில் தேறியது. கஃபார் எல்லோருக்கும் கடைசியாகப் புக்கித் தீமா வந்து சேர்ந்தார். முதலாவதாக வந்தவரைவிட அதிக நாள் அதைப் பற்றிப் பேசினார்.

கேப்டன் மட்டக்குதிரையை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போயிருந்தார். புதுச் சொந்தக்காரரிடம் அருளம்பலமே பேசினார். மிச்சம் செவலை.

அதே சவாரி நாளில், கிராஞ்சியில் இடைவேளையின்போது மருதப்பன் வேலாயுதத்தின் மாட்டுக்கொட்டகைக்கு நடந்து போனார். சந்திரமதியும் கூடப் போனாள். வேலாயுதம் தீவனம் வாங்க ஜொகூர் போயிருந்தான். செவலை ஒரு மரத்தடியில் குட்டைக் கயிற்றில் நின்றது. தின்று கொழுத்திருந்தது. அதன் மேல் ஏறக் கூடாதென்று வேலாயுதம் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தானாம். பாவம், கால் போன குதிரை. மருதப்பன் அதன் இடது காலைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். கொஞ்சநேரம் காத்திருந்தார். லாரி ஹாரன் அடித்தது. திரும்பிவிட்டார்கள்.

"யார்கிட்டயாவது சொல்லி அனுப்பலாமேப்பா," என்றாள் சந்திரமதி. "பிள்ளைங்ககிட்டயே சொல்லியிருக்கலாம்."

"நம்ப மாட்டான். குதிரைக்கு நொண்டல் இல்ல, குதிரைக்காரனுக்குத்தான் நொண்டல்னு ஆள் மூலமா சொன்னா எவன் நம்புவான்? நான் போகணும். அவன் முன்னாடி நான் நடந்து காட்டணும். அப்பறம் அவனையே ஓட்டச் சொல்லணும்."

பிறகு மழைக்காலம் வந்தது. பிறகு தோ பாயோ வீட்டுச் சாவி வந்தது. மூட்டை கட்டுவதும் பிரிப்பதுமாக நாள் போயிற்று. கிராஞ்சிக்கு பஸ் எப்போதாவதுதான். இடுப்பு வலியோடு ஏறி இறங்குவது சிரமம். வருகிற ஞாயிறு கட்டாயம் போகிறோம் என்றார். கஃபார் தன் வேனில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு வருவதற்குள் அந்தக் காப்பிக்கடை வியாழன் வந்துவிட்டது.

செவலை அந்த மரத்தடியில்தான் நிற்கிறது என்று கஃபார் சொன்னார். சந்திரமதி போகலாம். போனால் வேலாயுதம் பாயை விரித்து உட்கார வைப்பான், அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வான், பால் கொடுப்பான். அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்வான். ஆனால் அவன் முன்னால் நடந்து காட்ட வேண்டியவர் அவள் இல்லை.